ஒரு ‘டேய்’ போகும் தூரம்

என் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எழுபதைத் தாண்டியும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை விடாதவர். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மாலை, கடைத்தெரு முனையில் வாகனச் சோதனை. விசில் அவர் காதில் விழவில்லை. நாலடி தள்ளித்தான் வண்டி நின்றது. பேரன் வயதுள்ள ஓர் எஸ்.ஐ. ஓடிவந்து லத்தியால் டேங்கைத் தட்டினார். “டேய் கெழவா, காது செவிடா?”

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பெரியப்பா நிதானமாக இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஒரு காது கொஞ்சம் மந்தம்தான் சார். லைசென்ஸ் எடுத்துக் காட்டட்டுமா?” என்றார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் கேட்கவில்லை. தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் முதுகில் எழுத உட்கார்ந்துவிட்டார்.

அந்த ‘டேய்’ அரை நொடிகூட நீடித்திருக்காது. ஆனால் உதட்டை விட்டுக் கிளம்பியபின் அது எங்கெல்லாம் போய்ச் சேரக்கூடும் என்று விசாரிக்கத் தொடங்கினால் மலைப்பாக இருக்கிறது. காது, மூளை, நெஞ்சு, காகிதம், கேமரா என்று அதன் பயணம் உச்ச நீதிமன்றம் வரைகூட நீளும். பெரியப்பா செய்த ஒவ்வொரு சின்னக் காரியத்துக்கும் அந்தப் பாதையில் ஓர் இடம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

முதலில் ஒலி. நாம் சாதாரணமாகப் பேசும்போது குரலின் உரப்பு நொடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்கும். கிட்டத்தட்ட ஓர் அசைக்கு ஒரு தடவை. உச்சக் குரலில் கத்தும்போது குரல்நாண்கள் ஒழுங்கு தவறி அதிர்கின்றன. உரப்பு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை படபடக்கிறது. இதை ஒலியின் சுரசுரப்பு என்று சொல்லலாம். உப்புத்தாளைக் காதுக்குள் தேய்த்த மாதிரி இருக்கும். லுக் அர்னால், டேவிட் போப்பல் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பட்டையைத்தான் அளந்தது. பேச்சு இந்தப் பட்டைக்குள் பெரும்பாலும் வருவதே இல்லையாம். அலறல் வருகிறது. மனிதர்கள் செய்துவைத்த அபாய மணிகளும் வருகின்றன. அடிவயிற்றிலிருந்து வரும் அதட்டல் அந்த அலறலுக்குத் தம்பி முறை. அதில் பொருளைவிட மணியோசைதான் அதிகம்.

அந்த மணியைக் கேட்பதற்கென்றே மூளையில் ஓர் உறுப்பு இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். வாதுமைக் கொட்டை போல, இரண்டு காதுக்கும் உள்ளே ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்று. காதில் விழுந்த ஒலி மூளைக்குள் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, சொல்லைப் பிரித்துப் பொருள் பார்க்கும் பகுதி வழியாகச் சுற்றிப்போகும் நெடுவழி. இன்னொன்று, அமிக்டலாவுக்கு நேரே பாயும் குறுக்குச் சந்து. நியூயார்க்கில் ஜோசப் லெடூ எலிகளிடம் இந்தச் சந்தை அளந்தார். 12 மில்லிநொடிதான். கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. என்ன சொன்னார்கள் என்று புரிவதற்குள் உடம்பு குத்தீட்டியைத் தூக்கிவிடுகிறது.

அட்ரினலின் கொட்டுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரிந்தவை. தெரியாமல் நடப்பது நெற்றிக்குப் பின்னால். அங்கே இருக்கும் முன்நெற்றிப் புறணிதான் யோசித்துப் பேசுவதற்கும், வாயைக் கட்டுவதற்கும், ‘ஆர்.சி. புக் எந்தப் பையில்?’ என்று நினைவில் தேடுவதற்கும் பொறுப்பு. அதிர்ச்சியில் மூளைக்குள் சுரக்கும் வேதிப்பொருள்கள் இந்தப் பகுதியின் இணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. படித்தவர், பெரிய பதவியில் இருப்பவர்கூட ஸ்டேஷன் வாசலில் திக்கித் திணறுவதும், வாயாடி என்று பேரெடுத்தவர் ஊமையாகி நிற்பதும் கோழைத்தனத்தால் அல்ல. வீட்டில் மின்சாரம் தாழ்ந்தால் மிக்சி ஓடாது, சின்ன பல்பு மட்டும் எரியும். அப்படி ஒரு ஏற்பாடு இது.

நல்ல செய்தி, இந்தத் தாழ்மின்சாரம் வெகுநேரம் நீடிப்பதில்லை. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. பத்து நிமிடம் தாண்டினால் மிச்சமிருப்பது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, கடக்க வேண்டியது முதல் சில நிமிடங்களைத்தான். விபரீதங்கள் பெரும்பாலும் நடப்பதும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

ஏன்? பேச்சில் இருக்கும் வேகம் அப்படி. ஒருவர் பேசி முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளியை உலகின் பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். சராசரி 0.2 நொடி. ஆனால் ஒரே ஒரு சொல்லை நினைத்து, கோத்து, வாய்க்குக் கொண்டுவர மூளைக்கு 0.6 நொடி ஆகிறது. கணக்கு உதைக்கிறதா? எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நம் பதில் உள்ளே தயாராகிவிடுகிறது என்பதுதான் விடை. ‘யாரைப் பார்த்துடா டேய்ங்கிற?’ என்ற பதிலை நாம் யோசித்துச் சொல்வதில்லை, அது தானாகவே அச்சாகி வெளியே வந்து விழுகிறது. இந்த இயந்திரத்தில் மூன்று நொடி மௌனம் என்பது வழக்கமான இடைவெளியைப் போல பதினைந்து மடங்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க பெரியப்பாவுக்கு ஆனது அதற்கும் மேல். கண்ணாடி அழுக்காக இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

அந்த இடைவெளியில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, யார் கண்ணுக்கும் தெரியாது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். துடிப்பு கொஞ்சம் முந்தும். மெல்ல விடுங்கள். பிந்தும். மூளையின் அடியிலிருந்து கிளம்பி நெஞ்சையும் வயிற்றையும் சுற்றித் திரியும் வேகஸ் என்ற நரம்பின் வேலை இது. லத்தீனில் அந்தப் பெயருக்கே நாடோடி என்றுதான் பொருள். இதயத்துக்கு அதுதான் பிரேக். மூச்சை வெளியே விடும்போது பிரேக் அழுந்துகிறது. நாலு நொடி இழுத்து ஆறு நொடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கண்ணைத் திறந்துகொண்டே, கையைக் கட்டாமல், லைசென்ஸைத் தேடிக்கொண்டே செய்யலாம்.

‘திட்டுபவர் அவர், மூச்சுப் பயிற்சி நானா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் எதிரே நிற்பவரிடம் லத்தி மட்டுமல்ல, பேனாவும் இருக்கிறது. அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவு, அவர்மேல் பலத்தைப் பயன்படுத்தியதாக 132ஆம் பிரிவு. பின்னதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. வெறும் சொல் ‘பலம்’ ஆகாதுதான். ஆனால் விரலை நீட்டிப் பேசியது, லத்தியைத் தட்டிவிட்டது, வண்டிச் சாவியைப் பிடுங்கும் கையைப் பிடித்தது எல்லாம் எழுத்தில் வரும்போது வேறு உருவம் எடுக்கும். திட்டு வாங்கியவர் குற்றவாளியாகும் ரசவாதம் அந்த முதல் சில நிமிடங்களில்தான் நடக்கிறது. அதற்குத் தேவையான மூலப்பொருளை நாமே ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, வாயைத் திறந்தால் என்ன பேசுவது? குரலின் உரப்பை முதலில் பாருங்கள். அமைதியான உரையாடல் சுமார் 60 டெசிபல். பக்கத்தில் நின்று கத்தினால் 80 சொச்சம். எண்ணில் வித்தியாசம் இருபதுதான். ஒலியின் ஆற்றலிலோ நூறு மடங்கு! ஒருவர் ஏற்றினால் மற்றவரும் ஏற்றுவார். ஏற்றாமல் இருப்பவரைக் கேட்க, கத்துபவர் கொஞ்சமாவது நிறுத்த வேண்டியிருக்கும். பெரியப்பா கேள்வியோடு முடித்ததையும் கவனியுங்கள். “காட்டட்டுமா?” என்றால் எதிராளி ‘காட்டு’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லியாக வேண்டும். பேச்சு திட்டிலிருந்து வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

அடுத்தது நம் மொழிக்கே உரிய நுட்பக் கருவி. ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் இடையில் இருப்பது இரண்டே எழுத்து. அதற்குள் வயது, பதவி, சாதி, சட்டைத்துணியின் விலை எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஜனாதிபதியையும் சிற்றாளையும் கூப்பிடலாம். நம்மூரில் வாயைத் திறந்ததுமே எடை போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கேரளத்தில் இந்த இரண்டெழுத்து உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு வணிகர் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில், பொதுமக்களை ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என்று போலீசார் விளிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்ல, மாநில டி.ஜி.பி. சுற்றறிக்கையே விட்டார். ஒரு பிரதிப்பெயர் சட்டப் பிரச்சினை ஆகிவிட்டது! நம் பக்கம் செய்யக்கூடியது, அவர் ‘நீ’யில் நின்றாலும் நாம் ‘நீங்க’வை விடாமல் இருப்பது. இது பணிவு அல்ல. பின்னால் யாராவது அந்தப் பேச்சைக் கேட்க நேர்ந்தால், யார் எங்கே நின்றார்கள் என்று காதுக்கே தெரியும்.

முதல் சொற்களுக்கு எவ்வளவு கனம் என்பதை அமெரிக்காவில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அங்கே போலீசார் சட்டையில் மாட்டியிருக்கும் கேமராவில் பதிவான வாகனச் சோதனைகளைக் கேட்டு 2023இல் ஓர் ஆய்வு வந்தது. நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் கறுப்பின ஓட்டுநர்கள். காவலர் பேசும் முதல் 45 சொற்கள், அதாவது சுமார் 27 நொடிகள். அதற்குள் காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் போட்டிருந்தால், அந்தச் சோதனை விலங்கு, கைது என்று முற்றுவதற்கு வாய்ப்பு கூடியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மதுச் சோதனைக்கு நிறுத்திய ஓட்டுநர்களிடம் வழக்கமான இருபது நொடிக்குப் பதிலாக ஒன்றரை நிமிடம் மரியாதையாகப் பேசிப் பார்த்தார்கள். காவல்துறை மேலிருந்த மதிப்பு உயர்ந்தது. மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியைக் காக்கிச் சட்டைக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இனி அந்த காலண்டர் தாள். 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் வேறு பேச்சு 80 அசை அளவு, அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவாக, கடந்துபோனாலே போதும். வாக்கியத்தின் பொருள் மனதில் நிற்கிறது, சொன்ன வடிவம் கரைந்துபோகிறது. மூளை ஒரு சிக்கனமான குமாஸ்தா. சாரத்தை வைத்துக்கொண்டு மூலப்பிரதியை எறிந்துவிடும். ‘கேவலமாகப் பேசினார்’ என்பது நினைவிருக்கும். என்ன பேசினார் என்பது நழுவும்.

சட்டத்துக்கோ சாரம் போதாது, மூலப்பிரதிதான் வேண்டும். நம் ஊர்ப் புகார்களில் ‘அசிங்கமாகவும் ஆபாசமாகவும் திட்டினார்’ என்ற வரி அச்சடித்த மாதிரி வரும். அந்த வரியால் பயன் ஒன்றும் இல்லை. பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசுவது (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294, இப்போது 296), சண்டைக்கு இழுக்கும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது (பழைய 504, இப்போது 352), பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல் (பழைய 509, இப்போது 79) எல்லாம் சொல்லையே குற்றமாகப் பார்க்கும் பிரிவுகள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குறைந்தது ஆறு மாதம், ஐந்து ஆண்டு வரை சிறை. எந்தச் சொல், எந்த இடம், யார் அருகில் என்பதில்தான் வழக்கே நிற்கும். எழுதக் கூசும் சொல்லாக இருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். பெரியப்பா தாளில் முதல் வரி இப்படி: ‘மாலை 6.50. பாத்திரக் கடை வாசல். எஸ்.ஐ., தோளில் இரண்டு நட்சத்திரம். டேய் கெழவா காது செவிடா.’ அடுத்து வண்டி எண், மார்பில் இருந்த பெயர், கடை வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கேட்டது. ஐந்து வரிதான்.

பெயர்ப் பலகையைப் பார்க்க மறந்துவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அதிர்ச்சியில் பார்வை குறுகும், லத்திதான் கண்ணை இழுக்கும். இரண்டு நட்சத்திரமும் சிவப்பு-நீலப் பட்டையும் என்றால் எஸ்.ஐ., மூன்று நட்சத்திரமும் அதே பட்டையும் என்றால் இன்ஸ்பெக்டர். இடமும் நேரமும் துல்லியமாக இருந்தால் அங்கே பணியில் யார் இருந்தார்கள் என்பதை ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்தே எடுக்க முடியும்.

சம்பவம் ஸ்டேஷனுக்குள் என்றால் இன்னொரு சாட்சி சுவரில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. ‘ஒலியும்’ என்பதுதான் இதில் பொன்னான சொல். அடிக்குக் காயம் சாட்சி சொல்லும், திட்டுக்கு ஒலியைத் தவிர வேறு தடயம் ஏது?

ஆனால் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிவதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. நாம் போனில் இறக்கும் ஒன்றரை ஜி.பி. சினிமா பதினான்கு. பத்துக் கேமரா என்றால் தினமும் 216 ஜி.பி. 4 டெராபைட் வட்டு ஒன்றை மட்டும் மாட்டியிருந்தால் 18 நாளில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு இயந்திரம் கேட்காமலே முதல் நாளை அழித்து அதன்மேல் எழுதும். ஓராண்டுக்கு அப்படி இருபது வட்டுகள் வேண்டும். உத்தரவு காகிதத்தில் ஓராண்டு சொல்கிறது, வட்டின் கொள்ளளவு வேறு சொல்லக்கூடும். எனவே ‘இன்ன தேதி, இன்ன நேரத்துப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்’ என்ற ஒற்றை வரி மனுவை அந்த வாரத்திலேயே எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்பிவிட வேண்டும்.

கையில் இருக்கும் போனும் சாட்சிதான். பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படமெடுக்கக் கூடாது என்று தனிச்சட்டம் எதுவும் இல்லை. காவல் நிலையம் அரசு ரகசியச் சட்டம் சொல்லும் ‘தடை செய்யப்பட்ட இடம்’ அல்ல என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் சொல்லியிருக்கிறது. எடுக்கலாமா என்பதைவிட எப்போது எடுப்பது என்பதே கடினமான கேள்வி. தனியாக, இருட்டில், கோபத்தின் உச்சியில் இருப்பவர் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

எடுத்த பதிவில் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், மின்னணுச் சான்றோடு அதன் ‘ஹாஷ்’ எண்ணையும் தரச் சொல்கிறது. ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை. ஒரு கணக்கீட்டில் கோப்பைப் போட்டு அரைத்தால் 64 எழுத்து நீளத்தில் ஒரு குறி வரும். ஒரு மணி நேர ஒலிப்பதிவில் ஒரே ஒரு துளியை, ஒரு பூஜ்யத்தை ஒன்றாக மாற்றினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். மொத்தம் எத்தனை குறிகள் சாத்தியம் என்பதை எழுத 78 இலக்கம் வேண்டும். நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் ஆதார் கொடுக்க 12 இலக்கம் போதுமாக இருக்கிறது! இதில் நமக்குள்ள பாடம் எளியது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும், சுருங்கியதன் கைரேகை வேறு. எனவே அசல் கோப்பை எடுத்த போனிலேயே கைபடாமல் வைத்திருங்கள். வெட்டுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் நகலில்.

காகிதம் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அங்கேயும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். இவற்றோடு மாநில மனித உரிமை ஆணையத்துக்கு நேரடியாகவும் எழுதலாம். வக்கீல் கட்டாயமில்லை.

பெரியப்பாவும் ஒரு மனு கொடுத்தார். அதை விசாரிக்க டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து ஓர் ஏட்டு வந்து வாக்குமூலம் வாங்கிப் போனார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. காலண்டர் தாள் மட்டும் அவருடைய பென்ஷன் புத்தகத்துக்குள் இன்னும் இருக்கிறது.

ஆனால் எல்லா மனுவும் அப்படி நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு காவல் நிலையத்துக்கு மோசடிப் புகாரோடு ஒரு குடும்பம் போனது. இன்ஸ்பெக்டர் வழக்குப் பதிய மறுத்ததோடு, புகார்தாரரின் தாயாரிடம் தகாத சொற்களைப் பேசினார். குடும்பம் மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. அரசு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுத்து அதை இன்ஸ்பெக்டரிடமிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது ஆணையம். அவர் உயர் நீதிமன்றம் போனார், தோற்றார். உச்ச நீதிமன்றம் போனார். குற்றம் நடந்ததைச் சொல்லக் காவல் நிலையம் வரும் ஒவ்வொரு குடிமகனையும் மனித கண்ணியத்தோடு நடத்த வேண்டும், அது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று சொல்லி, 2025 ஏப்ரலில் அங்கேயும் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள்.

ஆணையத்துக்கு எழுதுவதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மனுவை எடுக்க மாட்டார்கள்.